மானும் வெங்காயமும்

கனடாவில், மொன்றியல் சந்தையில் சோளம் விற்கிறவள் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் பிறந்த பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடி இனத்தவள். கலியாணம் கட்டி இங்கே வந்தவள். என் வயதுதான் இருக்கும். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மகளிடம் வந்திருக்கிறேன். அவள் சொல்வதை மகள் எனக்குத் தமிழில் சொல்கிறாள்.

முதலில் வந்த வெள்ளைக்காரர் பசியில் கிடந்தபோது இவளுடைய ஆட்கள்தான் சோளம் கொடுத்தார்களாம். பிறகு காணியெல்லாம் வெள்ளைக்காரருக்குப் போய்விட்டது. மிஞ்சிய துண்டுக்கு ஒரு ஒப்பந்தம். அதன்படி இன்றைக்கும் வருஷாவருஷம் இவளுடைய ஆட்களுக்கும் வேர்ஜீனியா கவர்னருக்கும் இடையில் ஒரு மான் கைமாறுகிறதாம்.

"அப்ப கவர்னர் மானைக் கொண்டுவந்து உங்கட ஆக்களிட்டைத் தாறாரோ?" என்று கேட்கிறேன். எங்கள் ஊரில் குத்தகைக்காரன்தான் காணிக்காரருக்குக் கொண்டுவந்து கொடுப்பான்.

அவள் சோளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"இல்லையம்மா, இவையள்தான் கவர்னருக்குக் கொண்டுபோய்க் குடுக்கினமாம்," என்கிறாள் மகள். "கவர்னர் மான் குடுக்கிற ஊர் எங்கையெண்டு தனக்கும் காட்டச் சொல்லுறா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்கட காணியைப் பிடிச்ச ஆமிக்காரர் அதிலை வெங்காயம் நட்டிருக்கினம் எண்டு சொல்லு, பிள்ளை. றோட்டிலை கடை போட்டு விக்கினம். நானும் வரிசையிலை நிண்டு ரெண்டு கிலோ வாங்கினனான். அதையும் சொல்லு."

ஆமி தொட்ட எதுவும் என் அடுப்பில் ஏறாது என்று மகளிடம் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவள் நான். மகள் மொழிபெயர்க்காமல் என்னையே பார்க்கிறாள். சோளக்காரி காத்துக்கொண்டு நிற்கிறாள்.