வராத பஸ்ஸுக்கு வரவேற்பு

எங்கள் ஊரில் சேதி வேறு, செய்தி வேறு. எருமை கன்று போட்டது, மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனது எல்லாம் சேதி. பால் சொசைட்டியில் கிளம்பி டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடும். டிவியில் ஓடுவது நியூஸ். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். போனில் வருவது மெசேஜ்; பாதிப் பேர் படிக்காமலே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் காகிதத்தில் அச்சாகி வந்துவிட்டால், அதுதான் செய்தி; ‘பேப்பர்லயே போட்டுட்டாங்க’ என்பார்கள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அப்படிப் போடுகிறவள் நான். ஒரு நாளிதழுக்கு எங்கள் வட்டாரத்தின் பகுதிநேர நிருபர். ஒரே ஆள் ஒரே மேடையில் பத்து நிமிடம் பேசுவார். முதல் பத்தியில் ‘கூறினார்’, அடுத்ததில் ‘தெரிவித்தார்’, பிறகு ‘குறிப்பிட்டார்’, முடிவில் ‘எடுத்துரைத்தார்’ என்று மாற்றி மாற்றிப் போட்டு அவரைப் பெரிய மனிதராக்குவேன். என் வீட்டுக்காரர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். சாப்பிட உட்கார்ந்தால், “சாம்பாரில் உப்பு குறைவாக இருப்பதாகக் கூறப்படுகிறது. இதனால் அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது” என்பார். கரண்டி என் கையில்தான் இருக்கும் என்பதால் அத்தோடு நிறுத்திக்கொள்வார்.

எங்கள் தொழிலில் ‘அட்வான்ஸ்’ என்று ஒன்று உண்டு. விழா நடப்பதற்கு முன்னாலேயே நடந்து முடிந்ததாக எழுதி அனுப்பிவிடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகத்தில் ஆள் குறைவு, பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். அதனால் சனிக்கிழமையே, ‘திரளானோர் கலந்துகொண்டனர்’ என்று எழுதிவிடுவோம். எந்த விழாவிலும் திரளானோர்தான் கலந்துகொள்வார்கள். திரளாதோர் கலந்துகொண்டதாக இதுவரை யாரும் எழுதியதில்லை. விழா நின்றுபோனால் ஒரு போன் செய்து, ‘அதை எடுத்துடுங்க’ என்று சொன்னால் போதும்.

அந்த ஒரு போனைத்தான் நான் செய்யவில்லை.

எங்கள் ஊர் ராசிபுரம் – நாமக்கல் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மனு மேல் மனு கொடுத்து, கடைசியில் ஒரு டவுன் பஸ் கிடைத்தது. ஞாயிறு காலை டவுனில் கொடியசைத்துத் தொடங்கிவைப்பார்கள், திங்கள்முதல் தினமும் ஆறரை மணிக்கு ஊருக்குள் வரும் என்றார்கள். இதற்காக ஊரில் அதிகம் காத்திருந்தவர் பூக்கார அக்கா. தினமும் விடியலில் மல்லிகைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று கிலோமீட்டரும் நடந்துபோய் பஸ் பிடிப்பவர். முட்டி தேய்ந்துவிட்டது. யாராவது பைக்கில் ஏற்றிக்கொண்டாலும் கால் தூக்கி உட்கார முடியாது. பஸ் வராவிட்டால் இந்த மாதத்தோடு வியாபாரத்தை விட்டுவிடுவேன் என்று என்னிடமே சொல்லியிருந்தார். அதனால் இந்தச் செய்தியை மட்டும் நான் உண்மையான ஆசையோடு எழுதினேன். மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், பெண்கள் மகிழ்ச்சியோடு ஏறிக்கொண்டார்கள் என்று சனிக்கிழமையே அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு காலை டவுனுக்குப் போனால் கொடியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சிறப்பு விருந்தினருக்கு வேறு வேலை வந்துவிட்டதாம், தேதி பிறகு சொல்வார்களாம். வயிற்றெரிச்சலோடு அங்கிருந்து நேராக நாத்தனார் வீட்டுக் கெடா வெட்டுக்குப் போனேன். இலையில் குடல் குழம்பு விழுந்ததும் விழா, விருந்தினர், அலுவலகம் எல்லாம் மறந்துபோனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கள் காலை ஆறு மணிக்கு வீட்டுக்காரர் போனை முகத்துக்கு நேரே நீட்டினார். ‘புதிய பஸ் சேவை தொடக்கம்: பொதுமக்கள் மகிழ்ச்சி’. ஊர் குரூப்பில் அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

ஸ்டாப்புக்கு ஓடினேன். இருபது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டியிருந்தது. ஒருவர் கையில் செண்டுமல்லி மாலை, ஒருவர் கையில் தேங்காய். பூக்கார அக்கா நடக்காமல், கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். மணி ஆறரை தாண்டிவிட்டது. இனி நடந்து போனாலும் அவருடைய காலை வியாபாரம் போனதுதான். அதை நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்.

“நான் போட்டது தப்புங்க. விழா நடக்கலீங்க. வண்டி வராதுங்க.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூக்கார அக்கா என்னை ஏதோ விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“பேப்பர்லயே வந்துருச்சுங்களே சாமி. இனி எப்படீங்க வராமப் போகும்?”

தள்ளி நின்று பணிமனை மேலாளருக்குப் போன் போட்டேன். அவரும் பேப்பரைப் பார்த்துவிட்டார். அவருடைய மேலதிகாரியும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் விழாவை முடித்துவிட்டீர்களே என்று காலையிலேயே அவரைப் பாராட்டியிருக்கிறார். கொடியே அசைக்காத பஸ்ஸுக்குப் பாராட்டு வாங்கிய கடுப்பில் மனிதர் என்னை விளாசித் தள்ளினார். தப்பு என்னுடையது, வாங்கிக்கொண்டேன். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், இங்கே இருபது பேர் மாலையோடு நிற்கிறார்கள் என்று சொல்லி, படம் எடுத்து அனுப்பினேன். வண்டியும் டிரைவரும் கண்டக்டரும் தயாராகத்தானே இருக்கிறார்கள், விருந்தினர் மட்டும்தானே குறை என்றும் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஏழே முக்காலுக்குத் தோட்டத்து வளைவில் ஹாரன் கேட்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நான் சனிக்கிழமை எழுதியபடியே நடந்தது. மாலை போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள், ஒரு சில்லு என் காலடியில் வந்து விழுந்தது. பெண்கள் மகிழ்ச்சியோடு ஏறினார்கள். எடுத்துரைக்க மட்டும் யாரும் வரவில்லை. அது ஒரு குறையாகவே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. டிரைவர் கூடையை வாங்கி உள்ளே வைத்தார். அக்கா கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முட்டியை நீவிவிட்டுக்கொண்டார்.

அதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு. விழா நடக்கவில்லை என்று கேள்விப்பட்டோமே, திருத்தம் போட வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு நாள் பிந்தித் தொடங்கியது என்று போடுங்கள், தப்பு என்னுடையது என்றும் போடுங்கள் என்றேன். பஸ் நகர்ந்தது. பூக்கார அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். கூடவே நடந்தேன்.

“நாளைக்கும் வண்டி வந்துச்சுன்னு இன்னைக்கே எழுதிப் போட்டுருங்க சாமி.”