பட்டியலில் கன்றுக்குட்டி இல்லை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, குடவாசலுக்குக் கிழக்கே ஒரு மிராசுதாரின் நெற்களத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவின் நகல். ‘பசுமாடு ஒன்றை உடனே விடுவிக்க வேண்டியது’ என்று தெளிவாக டைப் அடித்திருந்தது. எதிரே நின்றவை இரண்டு — பசு ஒன்று, பிறந்து ஆறு நாளான அதன் கன்று ஒன்று.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு குடும்பத்தின் நிலம் சிக்கிக்கொள்ளும் என்று யார்தான் நினைப்பார்கள்?

பசு அஞ்சலையுடையது. அந்த மிராசுதாரின் நிலத்தில் மூன்று மாவை, அதாவது சுமார் ஒரு ஏக்கரை, கணவர் இறந்த பிறகும் விடாமல் குத்தகைக்குச் சாகுபடி செய்துவருகிறவர். குத்தகைதாரர்களின் பெயரைச் சர்க்கார் பதிவு செய்கிறது என்று கேள்விப்பட்டு, தாலுகா ஆபீஸில் ஒரு மனு கொடுத்தார். எழுதிக் கொடுத்தவன் நான். பட்டம் வாங்கியவன் ஊரில் இருந்தால் இந்த மாதிரி வேலைகள் தேடி வரும். வரத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

மனு போன நாலாம் நாள், அஞ்சலையின் சினைப்பசு தாளடி நாற்றங்காலில் வாய் வைத்துவிட்டது என்று சொல்லி, மிராசுதாரின் காரியக்காரர் சபாபதி அதைப் பிடித்துக் களத்துக் கொட்டகையில் பூட்டிவிட்டார். பயிரை மேய்ந்த மாட்டை ஒரு நாளுக்குள் சர்க்காரின் மாட்டுப் பட்டியான பவுண்டில் சேர்க்க வேண்டும் என்பது விதி. அவர் சேர்க்கவில்லை. கேட்கப் போன அஞ்சலையிடம், “மனுவை வாபஸ் வாங்கிட்டு வா, மாட்டை ஓட்டிக்கிட்டுப் போ” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

பூட்டை உடைக்கலாம் என்றார்கள் தெரு இளைஞர்கள். அறுவடைக் கூலித் தகராறில் நாலு கிராமங்கள் கொதித்துக்கொண்டிருக்கிற நேரம். ஒரு பூட்டு உடைந்தால் அதன் பின்னால் எத்தனை மண்டைகள் உடையும்? யோசித்து, மாட்டைப் பிடித்த எட்டாம் நாள் அஞ்சலையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன்.

ஸ்டேஷன் இருந்தது. ஆள் இல்லை. சப்-இன்ஸ்பெக்டரும் ஏட்டும் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்களாம். ராமையன் என்கிற கான்ஸ்டபிள் மட்டும் உட்கார்ந்து, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஏட்டு பரீட்சைக்கு.

“கம்ப்ளெயிண்ட் கொடுக்க வந்திருக்கோம்” என்றேன்.

“கொடுக்க முடியாதுங்க.”

“ஏன்?”

“இப்ப இங்க பொறுப்பு அதிகாரி இல்லீங்க. அவர் இல்லேன்னா அடுத்த ரேங்க்ல இருக்கிறவர்தான் பொறுப்பு அதிகாரி. ஆனா அவர் கான்ஸ்டபிளுக்கு மேல இருக்கணும். நான் கான்ஸ்டபிள். விளக்கப் பிரிவுல போட்டிருக்கு, பாருங்க.”

“அப்ப இந்த ஸ்டேஷன்?”

“ஸ்டேஷன் இருக்கு சார்… பொறுப்புதான் இல்ல.” பக்கத்தைப் புரட்டினார். “இன்னொண்ணு. கம்ப்ளெயிண்ட்னா மாஜிஸ்திரேட் கிட்ட சொல்றது. போலீஸ்ல சொன்னா அது கம்ப்ளெயிண்டே இல்ல.”

“இத்தனை வருஷமா ஜனங்க இங்க வந்து கொடுத்ததெல்லாம்?”

“தகவல்ங்க.”

அஞ்சலை குறுக்கிட்டார். “ஏங்க, மாட்டைப் பூட்டி வச்சது குத்தமா இல்லையா? அதைச் சொல்லுங்க.”

ராமையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. படித்த கேள்வியே வந்துவிட்ட சந்தோஷம்! “குத்தம்தான்மா! ‘குற்றம்’ங்கிறதுக்கு விளக்கத்துலயே இருக்கு — பழைய மாட்டு அத்துமீறல் சட்டத்துல வர்ற புகாரும் சேரும்னு. ஆனா வாரண்ட் இல்லாம நாங்க உள்ள நுழையற கேஸ் இல்ல. நீங்க அந்தப் பூட்டை உடைங்க… அது அத்துமீறி நுழைஞ்சது. அதுக்கு வாரண்டே வேணாம், உடனே வந்துருவோம்.”

அதாவது, மாட்டைப் பூட்டினால் போலீஸ் வராது, திறந்தால் வரும்.

ஆனால் அதே ராமையன்தான், பிடித்த பத்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும், வாயால் சொன்னாலே போதும் என்று அடித்துச் சொன்னார். ஒன்பதாம் நாள் அஞ்சலை கோர்ட்டில் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். விசாரணை நடந்தது. உத்தரவு டைப் ஆகி வருவதற்குள் பசு கன்று போட்டுவிட்டது. கோர்ட் டைப்பிஸ்டைவிட அதற்கு வேகம் அதிகம்.

உத்தரவை நிறைவேற்ற ராமையனையே அனுப்பியிருந்தார்கள். சபாபதி மரியாதையாகப் பசுவை அவிழ்த்துக் கயிற்றை அஞ்சலை கையில் கொடுத்தார். கன்று முளைக்குச்சியிலேயே நின்றது.

“கன்னு?” என்றேன்.

“ஆர்டர்ல ஒண்ணுதானே சார்? கன்னை நான் பிடிக்கவே இல்லியே. அதுவா இங்க பிறந்துச்சு. பிடிக்காததை எப்படி விடுவிக்கிறது?” வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுவந்திருப்பார் போலும், தொடர்ந்தார். “மாடுன்னா எதெல்லாம்னு அந்தப் பழைய சட்டத்துல பட்டியல் இருக்கு. யானை இருக்கு, ஒட்டகம் இருக்கு, கழுதை, பன்னி, குதிரைக்குட்டி, ஆட்டுக்குட்டி இருக்கு. கன்னுக்குட்டி இல்ல. ஏங்க ராமையன், இருக்கா?”

ராமையன் கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் பழைய சட்டப் புத்தகத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. “…இல்லீங்க.”

மாடு என்றால் கன்றும்தான் என்பதால் எழுதாமல் விட்டிருப்பார்கள் என்று நான் வாதாடினேன். காவிரிக் கரையில் ஒட்டகத்தை மறக்காதவர்கள் கன்றையா மறப்பார்கள் என்றார் சபாபதி.

பிறகு குரலைத் தாழ்த்தி அஞ்சலையிடம் சொன்னார்: “கன்னு இல்லாம இது பால் சுரக்காது. உனக்கே தெரியும். மனுவை வாபஸ் வாங்கு, ரெண்டையும் ஓட்டிக்க.”

அஞ்சலை கன்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விளைவுகளை எடைபோட்டுக்கொண்டிருந்தேன் — அந்த நேரத்தில் யாருக்கும் உதவாத ஒரு வேலை.

“வாங்க மாட்டேன்” என்று சொல்லிக் கயிற்றை இழுத்தார். பசு அசையவில்லை. ராமையன் பின்னாலிருந்து தள்ளினார். தொப்பிதான் கீழே விழுந்தது. அஞ்சலை கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பசு ஒரு தடவை கத்திவிட்டு, எதிரே காய்ந்துகொண்டிருந்த குறுவை நெல்லில் வாய் வைத்தது.

“ஏய்! ஓட்டு அதை!”

“நான் இழுத்துதான் பாக்கறேன். வரமாட்டேங்குது.”

“ராமையன்! நெல்லைத் திங்குது, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

“ஆர்டர்படி மாடு அவங்க கைக்குப் போயிருச்சுங்க. இப்ப மேயறது புதுக் கேஸ். நீங்க பிடிச்சுப் பவுண்டுல சேர்க்கலாம்… இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள.”

பசு நெல்லை மிதித்துக்கொண்டு நடுக்களத்துக்குப் போய், சாணமும் போட்டது. சபாபதி ஓடினார். பசுவிடம் அல்ல, முளைக்குச்சிக்கு. கன்றின் கயிற்றை அரிவாளால் ஒரே அறுப்பு.

கன்று முன்னே, பசு பின்னே, இரண்டும் களத்தைவிட்டு இறங்கிவிட்டன. ராமையன், ‘உத்தரவு நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதிக்கொண்டார்.

தாலுகா ஆபீஸ் விசாரணை இன்னும் பாக்கி. வரும் வழியில் வாய்க்கால் மதகருகே அஞ்சலை கேட்டார்: “குத்தகைக்காரங்கன்னா யாருன்னும் விளக்கம் எழுதி வச்சிருப்பாங்களா தம்பி?”

“இருக்கு. தானே பாடுபட்டுச் சாகுபடி பண்றவங்கன்னு.”

“அப்ப அதுல நான் இருக்கேன்.”

“இருக்கீங்க.”

நாலடி நடந்தவர் நின்று திரும்பினார். “என் பேரு போட்டா எழுதியிருக்கு?”

இல்லை. அதற்காகத்தான் அந்த மனு.