இரண்டு நாள் காய்ச்சல்

என் கணவர் செவிடானதற்கு நான்தான் காரணம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அவர் பெயர் முருகேசன். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி லோடு ஏற்றிப்போன லாரி டிரைவர். திரும்பி வரும்போது கையில் கடம்பூர்ப் போளி இல்லாமல் வீட்டுக்குள் நுழையமாட்டார். எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது திருநெல்வேலியில் தெரியவந்த அன்று, பேருந்து நிலையத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவரை வெறுக்கத் தெரியவில்லை... அன்றும் சரி, இன்றும் சரி.

இரண்டாயிரத்து மூன்றாம் வருட மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கழுத்தை வளைக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொண்டார்.

"தலை பிளக்குதுட்டி பார்வதி... ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"சும்மா காய்ச்சல்தாங்க. நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உள்ளூர் ஆஸ்பத்திரியில் எங்கள் தெருக்காரி ஒருத்தி ஆயாவாக இருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைப்பார்கள்! திருநெல்வேலிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். வாசலில் கார் வந்து நின்றால் என்ன ஏது என்று கேட்பார்களே... அந்தப் பயத்தில் இரண்டு நாள் கஷாயம் கொடுத்தே படுக்க வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. அப்போதுதான் திருநெல்வேலிக்குக் கார் பிடித்தேன்!

"மூளைக்காய்ச்சல். உயிருக்கு இனிப் பயமில்ல. ஆனா காது கேக்காதும்மா. இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தா ஒருவேளை..." டாக்டர் முடிக்கவில்லை.

இப்போது மாத்திரைகளால் இருவரும் நடமாடுகிறோம். அவருக்கு லாரி போயிற்று. கரிசல்காட்டு வண்டித்தடத்தில் தள்ளாடுவார். என் தோளைப் பிடித்துக்கொள்வார். கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்பதை மறந்து சிரித்துக்கொண்டு நிற்பார். தன் குரல் தனக்கே கேட்காததால் தெரு அதிரப் பேசுவார்.

"இவ மட்டும் இல்லேன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன் அண்ணாச்சி! என்னையக் காப்பாத்துனவ இவதான்!"

அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேனே... நானும் ஒரு மனுஷியா?

ஒருநாள் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி, உதட்டசைவு தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணீர் காலில் விழுந்திருக்க வேண்டும். என் முகத்தை நிமிர்த்தினார்.

"எதுக்குட்டி இந்த அழுகை? நான்தான் பக்கத்துல இருக்கேம்லா!"

கேட்காத காதில் சொல்வது ஒப்புதலா? சிலேட்டில் எழுதினால் அவர் படிப்பார். வீட்டில் எங்கள் பேச்சே அதில்தான்.

இன்று மதியமும் அதைக் கையில் எடுத்தேன்... 'சாப்பிட வாங்க' என்றுதான் எழுதினேன்.