இளைஞர் சங்கத் தலைவர் தொகுஜி

எங்கள் குரிதானி ஊர் இளைஞர் சங்கத்தின் தலைவர் தொகுஜிக்கு இந்த இலையுதிர் காலத்தோடு எழுபத்தொன்று முடிகிறது. சிரிக்க வேண்டாம். சங்கத்தில் அவனைவிட இளையவர் யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால், சங்கத்தில் வேறு யாருமே இல்லை.

முன்பெல்லாம் முப்பத்தைந்து வயதில் சங்கத்திலிருந்து விடுதலை கொடுத்துவிடுவார்கள். தொகுஜி முப்பத்தைந்தைத் தொட்டபோது அவனுக்குப் பின்னால் ஆள் இல்லை. வரம்பை நாற்பத்தைந்து ஆக்கினார்கள். அப்புறம் ஐம்பத்தைந்து. பிறகு யாரோ ஒரு புத்திசாலி, எதற்கு வீண் வேலை என்று வரம்பையே எடுத்துவிட்டார். அரசாங்கம் அவனுக்கு முதியோர் ஓய்வூதியம் கொடுத்தது. ஊர் அவனை ஏணியில் ஏற்றி, கோயில் வாசலுக்கு வைக்கோல் வடம் கட்டச் சொன்னது. சாமிப் பல்லக்கைத் தூக்கத் தோள்கள் இல்லாமல் போனதால் அதைக் குட்டி லாரியில் ஏற்றினோம். வண்டியை ஓட்டுபவன் அவன். நிறுத்திய இடத்தில் இறங்கி மேளம் அடிப்பவனும் அவன்தான்.

நான் ஹிசானோ. இந்த ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவள், வயது எண்பத்து மூன்று. மூக்கொழுக மிட்டாய் வாங்க வந்த நாளிலிருந்து அவனைத் தெரியும். அதனால் 'அவன்' என்றுதான் சொல்வேன்.

அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. திருவிழா முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஆண்களுக்கு விருந்து நடக்கும். சாமி பெயர் எழுதிய சுருள் தொங்கும் மாடத்துக்கு முன்னால் ஊரில் மூத்தவர் உட்காருவார். அங்கிருந்து வயதுப்படி இறங்கிவந்து, கடைக்குட்டி வாசலோரம். அங்கே மலைக்காற்று நேராக முதுகெலும்பில் இறங்கும். தன் கோப்பையில் தானே சாக்கே, அதாவது அரிசி மது, ஊற்றிக்கொள்வது எங்கள் வழக்கம் இல்லை. ஆகவே வாசலோரத்தான் எழுந்து, ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டு, ஊற்றிக்கொண்டே போக வேண்டும். பெரியவர்கள் பதிலுக்கு ஒரு வாய் ஊற்றுவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் எழுந்து வருகிறவன் வேறு, உட்கார்ந்த இடத்தில் வாங்குகிறவர் வேறு. சாவதற்குள் ஒரு தடவை மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று தொகுஜி வெளிப்படையாகவே சொல்வான். முழங்கால் தேய்ந்த பிறகு அடிக்கடி சொன்னான்.

அவனைக் கீழேயிருந்து தள்ளிவிட ஓர் இளையவன் வந்தாலே போதும். வரவில்லை. ஊரில் கடைசியாகப் பிறந்த குழந்தை, தாயை இழந்த அவன் மகள்தான். ஒசாகாவில் நல்ல வேலை, கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு புத்தாண்டுக்குக் குழந்தைத் தள்ளுவண்டியோடு பேருந்திலிருந்து இறங்கினாள். பக்கத்து வீட்டு சுயெ, முதுகு வலியை மறந்து ஓடிப்போய்த் திரையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே ஸ்வெட்டர் போட்ட ஒரு நாய். சுயெ சமாளித்துக்கொண்டு, மூக்கு அப்படியே தாத்தா ஜாடை என்றாள். தொகுஜி இரண்டு நாள் சுயெவோடு பேசவில்லை.

ஆக, மேலேயிருந்து காலியாவதுதான் ஒரே வழி. அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, நல்லவன். ஒவ்வொரு சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பான், உண்மையாகவே அழுவான். அழுது முடித்த பிறகு இடங்களை எண்ணியிருப்பான். எண்ணாமல் இருக்க அவன் என்ன புத்தரா? என் புருஷன் போனார். சுயெ புருஷன் போனார். கடைசியில் தொண்ணூற்று நான்கு வயது குமாகிச்சி மட்டும் மாடத்துக்கு முன்னால் கல்லாக உட்கார்ந்திருந்தார். விருந்தில் அவர் ஒரு பக்கம், இவன் வாசலோரம், நடுவே நீளமாக வெறும் பாய். போன மழைக்காலத்தில் அவரும் போனார்.

இப்போது ஊரில் மூத்த ஆணும் அவன்தான், இளைய ஆணும் அவன்தான். புது அங்கி தைக்கக் கொடுத்தான்.

பூசாரி ஒரு மனிதர் ஆறு ஊர்க் கோயில்களைப் பார்க்கிறார். ஒற்றை ஆளுக்கு விருந்து நடத்த முடியாது, அடுத்த ஊர்த் திருவிழாவோடு சேர்த்துவிடலாம் என்றார். தொகுஜி வெலவெலத்துப் போனான். அடுத்த ஊரில் எண்பது தாண்டிய கிழவர்களே ஒரு வரிசை இருக்கிறார்கள். அங்கே போனால் மறுபடியும் வாசலோரம்தான்.

அன்று மாலையே எங்கள் வீடுகளுக்கு வந்தான். காலம் மாறிவிட்டது, பெண்களும் மண்டபத்தில் உட்கார வேண்டும், இத்தனை காலம் உங்களைச் சமையலறையிலேயே நிறுத்திவைத்தது அநியாயம் என்று பெரிய பிரசங்கம் செய்தான். சுயெ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த விருந்துக்குக் கிழங்கு வேகவைத்தவள் நான். மண்டபத்துக்குள் தட்டு நீட்டத் தவிர வேறெதற்கும் கால் வைத்ததில்லை. வருகிறோம் என்று மட்டும் சொன்னேன். பாவம், தலைகளை எண்ணினானே தவிர, தலைகளின் வயதை எண்ணவில்லை.

விருந்தன்று சமைக்க ஆளில்லை, சமைக்கிறவர்கள் எல்லாம் விருந்தாளிகள். டவுனிலிருந்து சாப்பாட்டுப் பெட்டிகள் வந்தன. புது அங்கியோடு தொகுஜி மாடத்துக்கு முன்னால் உட்காரப் போட்டிருந்த சின்ன மெத்தையருகே நின்றான். முகம் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நாங்கள் ஐந்து கிழவிகள் உள்ளே நுழைந்தோம்.

நான் பூசாரியைக் கேட்டேன். "சாமி, இங்க எப்படி உட்காரணும்? ஆம்பளை முதல்லயா?"

அவர் தர்மசங்கடமாகத் தொண்டையைக் கனைத்தார். "வழக்கம் வயசுப்படிதாம்மா. ஆம்பளைன்னு எங்கயும் சொல்லல. அதச் சொல்ல அப்ப அவசியமே இல்ல."

எல்லோரும் தொகுஜியைப் பார்த்தோம். எங்களில் சின்னவள் சுயெ, எழுபத்தாறு. அவன் மெத்தையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மனசுக்குள் கூட்டிப்பார்த்தான். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலோரம் போய் உட்கார்ந்தான்.

ஐந்து பேரில் மூத்தவள் நான், மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு இரக்கம் வந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிட அதிகமாக வந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஆற்றுப் பக்கத்து மேப்பிள் மரங்கள் முழுக்கத் தெரிகின்றன. இதைத்தான் இந்த ஆம்பளைகள் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டு குடித்திருக்கிறார்கள்.

தொகுஜி குடுவையை எடுத்துக்கொண்டு வந்து, ஐயோ அம்மா என்று முனகியபடி என் முன்னால் மண்டியிட்டான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். இல்லை.

"நல்லா இருக்கா அக்கா அந்த எடம்?"

"நல்லாத்தான் இருக்கு. மூஞ்சியத் தொங்கப்போடாதடா தம்பி. நாங்கல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? அப்புறம் உன் எடந்தான்."

அவன் குடுவையைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான். எங்கள் ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வாசலோரம் காலியாகக் கிடந்த தன் மெத்தையைப் பார்த்தான்.

"அப்போ எனக்கு யாரு வந்து ஊத்துவா அக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. சுயெ சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவள் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். கோப்பையை அவன் பக்கம் நீட்டினேன்.

"அதுக்குத்தான் நாங்க அஞ்சு பேரும் சாகாம இருக்கோம். ஊத்து."