படை நின்றால் இஸ்மெத் போகவேண்டும்

இஸ்மெத்துக்கு நான் இரண்டாயிரம் பிராங் கடன்பட்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட யோகராஜா, ஒருவரிடமும் கைநீட்டாமல் சுவிஸில் ஆரா நகரில் கடை போட்டவன், இன்று இரண்டு கடைக்குச் சொந்தக்காரன் என்று என்னைப்பற்றி ஆட்கள் கதைப்பார்கள். நானும் அப்படித்தான் கதைப்பேன். ஆனால் கைநீட்டினேன், ஒரே ஒருவனிடம். அவன் பொஸ்னியாக்காரன்.

தொண்ணூற்று நான்கில் பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாங்கள் இருவரும் பானை கழுவினோம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது கால்வாசி ஜேர்மன். அதை வைத்துக்கொண்டு முழுக்கதையும் கதைத்தோம். இங்கே அதைத் தமிழிலேயே எழுதுகிறேன். பானை கழுவுவதில் என்னை வெல்ல அந்தச் சமையலறையில் ஆள் இல்லை. இஸ்மெத் எனக்கு அடுத்தவன். சூப் பானைக்குள் தலையையும் தோளையும் விட்டுத் தேய்ப்பான். உள்ளேயிருந்து அவன் பாட்டு மட்டும் வெளியே வரும்.

யோகராஜாவில் ராஜா என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டான். அரசன் என்றேன். "அரசனுக்கு இந்த உத்தியோகமோ?" என்று சிரித்தவன், அன்றிலிருந்து என்னை ராசா என்றே கூப்பிட்டான். கேலிக்குத்தான் கூப்பிட்டான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

ஊரில் அவன் பஸ் சாரதி. அதனால் பேர்ணில் ட்ராமில் ஏறவே மாட்டான். மழையானாலும் பனியானாலும் நடைதான். "மற்றவன் ஓட்டுற வண்டியிலை இருந்தால் என்ர கால் தன்ரபாட்டிலை பிரேக் மிதிக்குது" என்பான். மனைவி போரில் செத்துப்போனாள். பிள்ளைகள் இல்லை. ஊரில் ஒரு பாலத்தடியில் தாய் மட்டும் இருந்தாள். சம்பளம் வந்த அன்றே அவளுக்குக் கோப்பியும் காசும் அனுப்பிவிடுவான். மிச்சத்தை ஒரு பிஸ்கற் தகரப் பேணியில் போட்டு வைப்பான்.

பானை கழுவும் வேலையை விடாமலே ஆராவில் கடை போட எனக்கு ஒரு பழைய வான் தேவைப்பட்டது. வங்கி சிரித்தது. உறவினர் தொலைபேசியை எடுக்கவில்லை. இஸ்மெத் அந்தப் பேணியைத் திறந்து என் உள்ளங்கையில் எண்ணி வைத்தான். கடதாசி இல்லை, கையெழுத்து இல்லை.

"எப்ப திருப்பித் தரவேணும்?" என்றேன்.

"நான் ஊருக்குப் போற நாளிலை தா. இப்பிடியே கையிலை எண்ணித் தா."

அந்த நாள் எது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தொண்ணூற்றாறு இலையுதிர்காலத்தில் தொலைக்காட்சியில் பொஸ்னியாவைக் காட்டினார்கள். பனிக்குள் கவச வண்டிகள், தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பையன்கள். எங்களோடு வேலை செய்த சிவமலருக்கு ஜேர்மன் செய்தி விளங்கும்.

"மலர், என்னவாம்?"

"அங்கை நிக்கிற அமைதிப்படைக்கு டிசெம்பரோடை தவணை முடியுதாம், அண்ணை. நீட்டுறதோ விடுறதோ எண்டு கதைக்கினம்."

"படைக்கும் விசாவோ?"

"ஓம், அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோவன்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். வருஷா வருஷம் விசா நீட்டுவார்களோ என்று தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். நீட்டல் என்ற சொல்லைப்போல இனிப்பான சொல் எங்களுக்கு வேறு இல்லை. இஸ்மெத்தின் ஊர்ப் படைக்கு அது கிடைத்தால் இஸ்மெத்துக்கும் நல்லதுதானே? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அப்போது கோயில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது.

"ஆற்ற பேருக்கு அர்ச்சனை?" என்றார் ஐயர்.

"ஒரு படைக்கு, ஐயா."

"என்னது? நட்சத்திரம்?"

"அது எனக்குத் தெரியாது."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி கமலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயர் பெருமூச்சு விட்டு, "சரி, சுவாமி பேருக்குச் செய்யிறன். மனசிலை நினைச்சுக்கொள்ளும்" என்றார். நான் நினைத்துக்கொண்டேன். நன்றாகவே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வாழைப்பழத்தையும் தேங்காய்ப் பாதியையும் இஸ்மெத்திடம் கொடுத்தேன். "உன்ர படையை நீட்டச் சொல்லிக் கும்பிட்டிட்டன். நான் கேட்டால் பிள்ளையார் செய்வார்."

அவன் பழத்தை உரிக்காமல் மேசையில் வைத்தான்.

"நீட்டினால் நான் போகவேணும், ராசா."

"படை நிண்டால் நீ ஏன் போகவேணும்?"

"படை நிண்டால் அங்கை சமாதானம் எண்டு சுவிஸ்காரர் சொல்லுவாங்கள். சமாதானம் எண்டால் எங்கடை அகதிகளிலை குடும்பம் இல்லாதவன் முதல்லை போகவேணும். ஏப்ரல் முடியமுதல்."

"படை போனால்?"

"திரும்பச் சண்டை வரும். அப்ப என்னை அனுப்பமாட்டாங்கள்."

"அப்ப படை போகட்டும்! நான் போய் மாத்திக் கேக்கிறன்."

"விசரே," என்றான் இஸ்மெத். "பாலத்தடியிலை என்ர அம்மா தனிய இருக்கிறா. அந்தப் பாலத்திலை நிக்கிற வண்டியைப் பாத்துத்தான் அவ நித்திரை கொள்ளுறா. அது போனால்?"

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"படையும் நிக்கவேணும். நானும் நிக்கவேணும்."

அப்படி ஒரு விசா எந்தக் கந்தோரிலும் இல்லை என்று எனக்கே தெரியும்.

வாழ்க்கையில் எதையும் சட்டென்று தீர்மானிக்கிறவன் நான். எந்த அரிசி விற்கும், எந்த அரிசி கிடக்கும் என்று மூட்டையைத் தட்டிச் சொல்லுவேன். ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் மட்டக்களப்பிலும் இந்திய அமைதிப்படை வந்து நின்றது. அது வந்த அன்றும் சந்தோஷப்பட்டேன், போன அன்றும் சந்தோஷப்பட்டேன். இரண்டில் எது சரியென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதோடு இன்னொன்றும் இருந்தது. இஸ்மெத் நின்றால் என் கடனும் நிற்கும். அவன் போனால் காசு கொடுக்கவேண்டும்; காசெல்லாம் வானிலும் அரிசியிலும் கிடந்தது. ஆகவே நான் யாருக்காகக் கும்பிடுகிறேன் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

அடுத்த வெள்ளி மறுபடியும் போனேன்.

"ஐயா, போன கிழமை செய்த அர்ச்சனையைத் திருப்பி எடுக்கேலுமோ?"

"தேங்காயை ஒட்ட வைப்பீரோ?" என்றார் ஐயர்.

பிள்ளையாருக்கு முன்னால் நின்றேன். நிற்கட்டும் என்று சொல்ல வாய் வந்தது, போகட்டும் என்று சொல்லவும் வாய் வந்தது. கடைசியில் ஒன்றும் கேட்காமல் திரும்பினேன். "என்ன கேட்டனீங்கள்?" என்றாள் கமலாவதி. "சுகம் விசாரிச்சனான்" என்றேன்.

டிசெம்பரில் படைக்கு வேறு பெயர் வைத்து, இன்னும் ஒன்றரை வருஷம் நிற்கவிட்டார்கள். சிவமலர் சொன்னபோது இஸ்மெத் பானைக்குள் இருந்தான். பாட்டு நின்றது. பிறகு தலையை வெளியே எடுத்து, "உன்ர சாமி கெட்டிக்காரன், ராசா" என்றான். கோபத்தில் சொன்னானா, நன்றியில் சொன்னானா என்று முகத்தைப் பார்த்தேன். நீராவியில் ஒன்றும் தெரியவில்லை. அன்று பின்னேரம் தாய்க்குத் தொலைபேசி எடுத்தான். "அழுதா," என்றான். "படை நிக்குது எண்டும் அழுதா, நான் வாறன் எண்டும் அழுதா. எதுக்கு எவ்வளவு எண்டு கேக்கேல்லை."

நிற்க அனுமதி கேட்டு அவன் எழுதிய கடிதத்துக்கு மாசி மாதம் மறுப்பு வந்தது. ஏப்ரல்தான் முடிவு.

கடனை வைத்துக்கொண்டு ஒருவனை வழியனுப்புகிற ஆள் நான் இல்லை. வானை விற்றேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்து பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றினேன். சுவிஸில் பஸ்ஸில் அரிசி ஏற்றிய முதலாளி என்னைத் தவிர வேறு எவன்?

ஏப்ரல் கடைசியில், பேர்ணில் பொஸ்னியாவுக்குப் போகும் பஸ் நிற்கிற இடத்தில் பெட்டிகளும் கட்டில் சட்டங்களும் குவிந்து கிடந்தன. சிரித்தவர்களும் இருந்தார்கள், அழுதவர்களும் இருந்தார்கள். சிலர் மாறி மாறி இரண்டையும் செய்தார்கள். இஸ்மெத் சாரதிக்குப் பின்னாலிருந்த முதல் இருக்கையைப் பிடித்து மேற்சட்டையைப் போட்டுவிட்டு, கீழே இறங்கி வந்தான்.

"அங்கை இருந்தால் பிரேக் மிதிக்க வசதி" என்றான்.

"இஸ்மெத், படையை நீட்டினது நல்லதோ கெட்டதோ?"

"அம்மாவைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு?"

"திரும்ப நீட்டுவாங்கள். இல்லாட்டி விடுவாங்கள். எனக்கென்ன தெரியும்? நீதானே ராசா."

சாரதி இயந்திரத்தை முடுக்கினான். இஸ்மெத்தின் வலது கால் தரையில் தானாக ஒருமுறை அழுந்தியது. அவன் அதைப் பார்த்துச் சிரித்து, உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினான்.

"எண்ணு."

நான் எச்சில் தொட்டு, சத்தமாக, தமிழிலேயே எண்ணினேன். கடைசி நூறு பிராங் தாள் அவன் கையில் விழும்வரை அவன் விரல்களை மடக்கவில்லை.