சாக்கில் சுற்றிய துப்பாக்கி

போன தேர்தல் அறிவித்திருந்த சமயம். எங்கள் ஊர் இலுப்பூருக்குப் பக்கம். என் அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றியை விரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழல் வாய் வழியாகக் கரிமருந்தும் ஈயக் குண்டும் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற பழைய வகை. முறையான லைசென்ஸ் உண்டு. தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மச்சானே கொண்டுபோவார். இந்தத் தடவை வரப்பில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். கடைசி நாளும் வந்துவிட்டது.

"மாப்ள, நீ போயி குடுத்துட்டு வந்துரு. லைசென்ஸ் புஸ்தகத்தக் கையில வச்சுக்க. யாரு என்ன கேக்கப் போறா" என்றார்.

"குழல்ல மருந்து இருக்கா மச்சான்?"

"வெடிக்கிற கேப்ப எடுத்தாச்சுய்யா. கேப்பு இல்லாட்டி அது ஒலக்கை. ஒங்க அக்கா நெல்லு குத்தலாம்."

"மொதல்ல ஒங்களத்தான் குத்தணும்" என்றாள் அக்கா.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பழக்கம். மருந்து இடித்துக் காத்திருந்து பன்றி வராவிட்டால், சுட்டுத்தான் குழலைக் காலி செய்ய வேண்டும். மருந்தை வீணாக்க மனம் வராது. பொறி பறக்க வைக்கிற அந்தச் சின்னக் கேப்பை மட்டும் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மருந்தோடே மூலையில் சாத்திவிடுவார்கள். அதையே காலி என்போம்.

காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேள் என்று அக்கா சொன்னாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அதிகாரிகளிடம் பேச எனக்கு எப்போதும் கூச்சம். கேட்காமலே துப்பாக்கியை உரச் சாக்கில் சுற்றி, சணலால் கட்டி, காலை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நல்ல கூட்டம். சாக்கைக் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்தபடி உட்கார்ந்தேன். குழல் வாய் மேல் பக்கம் இருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு பெண், மடியில் இரண்டு வயது மகளோடு.

"என்னண்ணே சாக்குல?"

"போர் குழாய்ம்மா."

"குழாயப் புடிச்சுக்கடி, விழுந்துறாத" என்றாள் மகளிடம். அந்தக் குழந்தை வழியெல்லாம் சாக்கின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து, அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு வந்தது. பள்ளத்தில் பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

காவல் நிலையத்தில் ஏட்டு ஒருவர் சாக்கைப் பிரித்தார். லைசென்ஸ் புத்தகத்தில் இருந்த போட்டோவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இவரு எங்க?"

"மச்சானுங்க. காலு ஒடஞ்சு கெடக்காருங்க."

"ஒன்கிட்ட குடுத்து விடுறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் துப்பாக்கியோடு செருகியிருந்த கம்பியை உருவிக் குழலுக்குள் விட்டார். காலியாக இருந்தால் கம்பி முழுக்க இறங்கிவிடும். நான்கு விரல் அளவு வெளியே நின்றது. ஏட்டு குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"எதுலய்யா வந்த?"

"பஸ்லங்க. கேப்பு இல்லைங்க."

"கரிமருந்துக்கு எதுக்குக் கேப்பு? எங்கிட்டாவது ஒரு பொறி பட்டாப் போதும்."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அந்தக் குழந்தையின் தாடைதான் கண்ணில் நின்றது.

"லைசென்ஸ் அவருக்குத்தான்யா, துப்பாக்கிக்கு இல்ல. இப்புடி நீ தூக்கிட்டு வந்தா, கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கவனுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்? ஒரு போன் போட்டிருந்தா நாங்களே வந்து எடுத்திருப்போம்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தெரியாமச் செஞ்சுட்டேங்க."

"தெரியாதவன் எதுக்குச் சாக்குல சுத்துன?"



என் மேலும் மச்சான் மேலும் வழக்குப் பதிவானது. லைசென்ஸ் ரத்தானது. அந்தப் போகம் கடலையில் பாதியைப் பன்றிகள் உழுதுபோட்டுவிட்டன. மச்சான் இப்போது என்னிடம் பேசுவதில்லை. வாய்தா நாளில் கோர்ட்டு வாசலில்கூட அங்கிட்டுத் திரும்பிக்கொள்கிறார்.

தெரியாமல் செய்ததாகவே சொல்லுங்கள் என்கிறார் வக்கீல். அப்படியே சொல்லி வருகிறேன். ஆனால் துப்பாக்கி என்று உள்ளதைச் சொல்லியிருந்தால், அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போயிருப்பாள். தெரிந்தே நான் சொன்ன அந்தப் பொய்யைப் பற்றி இதுவரை எந்த விசாரணையிலும் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் இங்கே எழுதுவதைத் தவிர வேறெங்கும் சொன்னதில்லை.