சித்திகா டீச்சரும் மணி கட்டிய கிடாவும்

சித்திகா டீச்சருக்கு லத்தீன் வந்த வழியைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். கோட்டைமேட்டில் ஒரு டி.டி.பி. கடையில் பதினெட்டு வருஷம் டைப் அடித்தவர். பாதிரியார் படிப்புக்கான லத்தீன் பாடநூல்கள் அங்கேதான் அச்சுக்குத் தயாராகும். பொருள் தெரியாமல் அடித்துத் தள்ளுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பிழை திருத்த வரும் ஃபாதரை வரிக்கு வரி அர்த்தம் கேட்டுத் துளைத்திருக்கிறார். கடைசியில் அந்த ஃபாதரே சிபாரிசு செய்து, எங்கள் போத்தனூர் மொழிப் பயிற்சி நிலையத்துக்கு டீச்சராக அனுப்பிவைத்தார்.

நான் அங்கே முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவள். எங்களுக்குக் கூட்டம் வருவது நர்சிங் பெண்களின் ஜெர்மன் வகுப்புக்குத்தான். லத்தீனுக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் அதிகம். அந்தப் பத்துப் பேருக்காக டீச்சர் மிருகக் கதைகள் எழுதினார். ஒரு பக்கம் சின்னச் சின்ன லத்தீன் வாக்கியங்கள், எதிர்ப்பக்கம் தமிழ். எருமை, கீரி, மேட்டுப்பாளையம் பாக்குத்தோப்புக் குரங்கு எல்லாம் அதில் லத்தீன் பேசும். ஜெர்மன் வகுப்புப் பிள்ளைகளும் ஜன்னலோரம் நின்று கேட்டுச் சிரிப்பார்கள். சண்முகப்பிரியா அப்படி நின்று சிரித்தவள்.

பெண்ணை ஜெர்மனிக்கு ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு எங்கள் முதலாளி சென்னகேசவன் டீச்சரைத்தான் அனுப்புவார். டீச்சரம்மா சொன்னால் எடுபடும். பெருந்துறைப் பக்கம் சண்முகப்பிரியா வீட்டுக்கும் அப்படித்தான் போனார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிவாகாத வீட்டில் கை நனைக்கமாட்டோம். சாப்பிட்டுவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். டீச்சர் வளர்ந்த வீட்டிலோ, போட்ட சோற்றை வேண்டாம் என்பதுதான் மரியாதைக் குறைவு. சண்முகப்பிரியாவின் அம்மா ராசாத்தாள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். டீச்சரே பொறுப்பேற்றுக்கொண்டார் என்று அந்த வீடு நினைத்தது. பெண்ணும் கிளம்பினாள். இதைக் கேட்ட முதலாளிக்கு ஒரே குஷி. அதற்குப் பிறகு டீச்சர் எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். டீச்சரும், சாப்பிட்டால் என்ன அர்த்தம் என்று தெரிந்தே, நாலு வீட்டில் சாப்பிட்டார். அதை நான் மறைக்கப்போவதில்லை.

சண்முகப்பிரியாவை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை. ஒரு கிடங்கில் பெட்டி ஒட்ட விட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில். கடைசியாகப் பேசியபோது அவளே சொன்னது இது. இருபது நாளாக வீட்டுக்கு அவளிடமிருந்து போன் இல்லை. ராசாத்தாள் தினமும் எனக்குப் போன் செய்வார். "சார் வெளியில போயிருக்காருங்க" என்று, சார் உள்ளே இருக்கும்போதே, நான் தினமும் சொன்னேன்.

போன சனிக்கிழமை அடுத்த ஏழு பெண்களின் பெற்றோர் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். கூடத்தில் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் கையெழுத்து. அந்த நேரம் பார்த்து டீச்சரின் கதைப் புத்தகம் அச்சகத்திலிருந்து பார்வைக்கு வந்தது. முதலாளி தமிழ்ப் பக்கத்தைப் புரட்டினார். முகம் மாறிவிட்டது. டீச்சரைக் கூப்பிடச் சொன்னார். டீயோடு நானும் உள்ளே போனேன்.

"ஏனுங்க டீச்சர், இதென்னங்க கதை?" என்றார். குரல் உயரவில்லை. 

கதை இதுதான். கழுத்தில் மணி கட்டிய கிடா ஒன்று வாரா வாரம் ஆடுகளைச் சந்தைக்கு முன்னே நடந்து கூட்டிப்போகும். நம்மில் ஒன்றுதானே என்று ஆடுகளும் பின்னால் போகும். சந்தை வாசல் வந்ததும் ஆடுகள் உள்ளே போகும். 'ஆரியெஸ் சோலுஸ் ரெதித்.' கிடா தனியே திரும்பும். வீட்டில் அதற்குப் பருத்திக்கொட்டை காத்திருக்கும். ஒரு நாள் ஒரு குட்டி, "வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டது. "நான் உள்ளே போனதில்லையே" என்றது கிடா.

"என்னையத்தானுங்களே எழுதியிருக்கீங்க? இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போடுங்க. இல்லீன்னா நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க."

டீச்சர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தார். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மகள் ஆஃப்ரின் கல்லூரியில் இரண்டாம் வருஷம். 

"அந்தக் கிடா நீங்க இல்லீங்க" என்றார் டீச்சர். "நாந்தானுங்க."

முதலாளி ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அட, அப்படீங்களா. அப்ப இருக்கட்டுமுங்க. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. போய் அவங்களோட உக்காந்து சாப்புடுங்க, நேரமாச்சு."

டீச்சர் கூடத்துக்குப் போனார். நான் பின்னாலேயே வந்து என் மேசையருகில் நின்றேன். ஏழு குடும்பங்களும் இலைக்கு முன்னால் காத்திருந்தன. முதல் இலையில் இருந்த திருமூர்த்தி, மூத்த மகளை அனுப்ப வந்தவர், பக்கத்து இடத்தைக் காட்டினார். "வாங்க டீச்சரம்மா. நீங்க வந்து உக்காந்தாத்தானுங்க நாங்க கையை வெப்போம்."

டீச்சர் அந்த இலைக்கு முன்னால் நின்றார். சாம்பார் வாளியோடு பரிமாறுகிறவர் காத்திருந்தார். முதலாளி அறை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"நான் கை நனைக்கலீங்க" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான் சொன்னார்.  திருமூர்த்தி டீச்சரைப் பார்த்தார், வாசலில் நின்ற முதலாளியைப் பார்த்தார். இலையைத் தொடாமல் எழுந்து, மகளின் சர்ட்டிபிகேட் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த இலைக்காரரும் எழுந்தார்.

"டீச்சருக்கு இன்னிக்கு நோன்புங்க, அதுக்காவத்தான்" என்று முதலாளி அவசரமாக முன்னால் வந்தார்.

"நோன்பு இல்லீங்க" என்றார் டீச்சர்.

அப்போது என் மேசையில் போன் அடித்தது. பெருந்துறை நம்பர். முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தினமும் சொல்வதைச் சொல் என்று அர்த்தம். நான் போனை எடுத்தேன்.

"ராசாத்தாக்கா, சார் இங்கயேதான் இருக்காருங்க" என்றேன். "இருங்க, குடுக்கறேன்."